சதுக்கப் பூதமும் அழும் பாவையும்

2021 ஜனவரியில் லக்னோ காவல்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பெண்கள் அதிகம் நடமாடுகிற, புகார்கள் அதிகம் வருகிற 200 இடங்களைக் கண்டறிந்திருக்கிறோம். அங்கெல்லாம் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வரப்போகின்றன. ஒரு பெண் துன்பத்தில் இருந்தால் அவள் முகபாவத்தைக் கேமராவே படித்து அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பிவிடும் என்றார்கள். அவள் போனைக்கூட எடுக்க வேண்டியதில்லையாம். முகம் போதும்.

முதுகலை வகுப்பில் இந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது முதலில் எழுந்தது சிரிப்புத்தான். "ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை தேடும்போது என் மூஞ்சி எப்படியிருக்கும்னு எனக்கே தெரியாது மேடம், போலீஸ் வந்துடும்" என்றாள் ஒருத்தி. மாதவிடாய் வலியோடு பேருந்துக்கு நிற்பவள், தேர்வில் தோற்றவள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள் எல்லாருக்கும் ஜீப் வருமா? சிரித்து முடித்த பிறகு ஒருத்தி கேட்ட கேள்விதான் வகுப்பை நிறுத்தியது: "போலீஸைப் பார்த்துப் பயந்தால் அந்தக் கேமரா யாருக்குத் தகவல் அனுப்பும்?"

அன்று பாடம் மெய்ப்பாட்டியல். அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்கிறார் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர் என்ற மூன்றோடு நான்காவதாக அவர் வைப்பது தம் இறையை, அதாவது தன்னை ஆள்பவரை. கள்வரையும் ஆள்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதற்கு உரையாசிரியர்கள் என்ன நயம் சொன்னாலும், அந்த மாணவியின் கேள்விக்கு அது நேர்விடையாக இருந்தது. முகத்தில் தெரிவது அச்சம் மட்டும்தான். எந்தக் களத்தில் பிறந்த அச்சம் என்பதை முகம் சொல்லாது, அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நகரங்களை 'ஸ்மார்ட்' ஆக்கும் வேலைகள் நடக்கத் தொடங்கிப் பத்தாண்டு ஆகிவிட்டது. 2015 ஜூன் 25 அன்று தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டம் 100 நகரங்களை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஈரோடு, திருப்பூர், வேலூர், தூத்துக்குடி, திருநெல்வேலி எனப் பதினொன்று. நமக்கெல்லாம் தெரிந்தது தியாகராய நகர் பாண்டி பஜாரின் அகல நடைபாதை. 2019 நவம்பரில் திறந்தார்கள். அதில் நடப்பது சுகம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் இந்தத் திட்டத்தின் நெஞ்சு நடைபாதையில் இல்லை. ஒருங்கிணைந்த கட்டளைக் கட்டுப்பாட்டு மையம் என்கிற, சுவர் முழுக்கத் திரைகள் பதித்த, குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கிறது. 100 நகரங்களிலும் அது செயல்படுவதாக ஒன்றிய அரசு பெருமையோடு சொல்கிறது. குப்பை வண்டி, மழைநீர், போக்குவரத்து, தெருவிளக்கு எல்லாம் அங்கே ஒளிப்புள்ளிகளாக நகரும். பெயரைக் கவனியுங்கள்: கட்டளை, கட்டுப்பாடு. ராணுவத்திலிருந்து வந்த சொற்கள். நகரத்தை ஓர் ஊராக நினைத்தவர்கள் வைத்த பெயர் இல்லை இது.

பெண்களின் பெயரால் இன்னொரு ஓடை வந்து இதில் கலந்தது. தில்லிக் கொடுமைக்குப் பின் 2013ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு நிர்பயா நிதி உருவானது. அதிலிருந்து சென்னை உட்பட எட்டுப் பெருநகரங்களுக்குப் 'பாதுகாப்பான நகரம்' திட்டம் வந்தது. சென்னைக்கு மட்டும் ஏறத்தாழ 425 கோடி. ஒரு பெண்ணின் மரணத்துக்கு நாடு செய்த பரிகாரத்தில் கேமராவுக்குப் பெரிய பங்கு கிடைத்தது. கேமரா வாங்குவது எளிது. டெண்டர் விடலாம், எண்ணிக்கை காட்டலாம், திறப்பு விழா நடத்தலாம். இரவு பத்து மணிக்கு மேல் கடைசிப் பேருந்தை ஓட்டுவதற்கோ, மகளிர் காவல் நிலையத்தில் புகாரை வாங்க ஓர் ஆளை உட்கார வைப்பதற்கோ அப்படிப்பட்ட படமெடுக்கும் தருணம் எதுவும் கிடையாது.

கேள்வியைத் தமிழிலேயே கேட்டுப் பார்க்கலாம். 'பார்' என்பது ஒரு வினை. அதோடு 'கொள்' என்ற துணைவினை சேர்ந்தால் பொருளே மாறிவிடுகிறது. "குழந்தையைப் பார்" என்பதும் "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்பதும் ஒன்றல்ல. பார்ப்பதற்குக் கண் போதும். பார்த்துக்கொள்வதற்குக் கை வேண்டும், நேரம் வேண்டும், சோறும் மருந்தும் தூக்கம் கெடலும் வேண்டும். வீட்டில் வயதானவர்களை யார் 'பார்க்கிறார்கள்', யார் 'பார்த்துக்கொள்கிறார்கள்' என்று கேட்டால் விடை பெரும்பாலும் இரண்டு வேறு பாலினங்களாக இருக்கும். (இதே தொடர் தெருச்சண்டையில் மிரட்டலாகவும் மாறும். "இரு, உன்னைப் பார்த்துக்கறேன்." மொழி எதையும் மறப்பதில்லை.) நம்மைப் பார்க்கும் நகரம் நம்மைப் பார்த்துக்கொள்கிறதா என்பதுதான் என் கேள்வி. முன்னது பின்னதற்கு முதல்படி என்றுதான் சொல்லப்படுகிறது. அது அப்படியா?

கேமராவைக் கேட்பவர்கள் முட்டாள்கள் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போகக் காத்திருந்த இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். நிலையத்தில் கேமரா இல்லை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் இருந்த கேமராப் பதிவுகளை வைத்துத்தான் விசாரணை நகர்ந்தது. அந்த வாரம் தொடங்கி, எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்று உரக்கக் கேட்டவர்கள் தினமும் மின்ரயிலில் போய்வரும் பெண்கள். அவர்களில் நானும் ஒருத்தி. எந்தச் சித்தாந்தத்தையும் வைத்து அந்தக் கோரிக்கையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தக் காலை பெண்ணியவாதிகளுக்கும் ஒரு சங்கடத்தை விட்டுச் சென்றது. 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், தெருவைப் பத்திரமாக வைத்திருப்பது காவலர்கள் மட்டுமல்ல, கடைக்காரரும் சன்னலோரம் நிற்பவரும் நடந்துபோகிறவரும் சேர்ந்த கண்கள்தான் என்றார். கேமராவுக்கு எதிராக நாம் எப்போதும் அந்தக் கண்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவோம். நுங்கம்பாக்கத்தில் கண்கள் இருந்தன. அவை கேமராக்களைப் போலவே நடந்துகொண்டன. பதிவு செய்தன, அசையவில்லை. எனவே மனிதக் கண்ணா இயந்திரக் கண்ணா என்கிற விவாதம் பாதிதான். கூப்பிட்டால் யார் வருவார் என்பது மறுபாதி.

இந்த இடத்தில் எனக்குப் புகார் நகரம் நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகாரம் இந்திரவிழா நடக்கும் பூம்புகாரில் ஐந்து மன்றங்களைக் காட்டுகிறது. வகுப்பில் இதை நடத்தும்போது பெரும்பாலும் 'அதிசயங்கள்' என்று சொல்லித் தாண்டிவிடுவோம். தாண்டாமல் நின்று பார்த்தால், ஒரு நகரம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ள என்னென்ன கருவிகளைக் கனவு கண்டது என்ற பட்டியல் அது. வெள்ளிடை மன்றத்தில் பெயர் பொறித்த சரக்குப் பொதிகள் பூட்டும் காவலும் இல்லாமல் கிடக்கும். யாராவது திருடினால் அந்தச் சுமையே தலையை விட்டு இறங்காது. இலஞ்சி மன்றத்துப் பொய்கை நோயுற்றவர்களையும் உடல் குறையுற்றவர்களையும் நலமாக்கும். இன்றைய சொல்லில் சொன்னால் அது பொதுச்சேவை. இன்னொரு மன்றத்தில் நிற்கும் நெடுங்கல் நஞ்சுண்டவர்களின் துயர் தீர்க்கும். பிறகு வருவது நாற்சந்தியில் நிற்கும் பூதம். போலித் துறவிகள், மறைவில் தவறும் பெண்கள், துரோகம் செய்யும் அமைச்சர்கள், பிறர் மனைவியை விரும்புகிறவர்கள், பொய்ச்சாட்சி சொல்பவர்கள், புறங்கூறுபவர்கள் எல்லாரும் என் கயிற்றில் அகப்படுவார்கள் என்று நான்கு காதத் தொலைவுக்குக் கேட்கும்படி அது கூவும். பிடித்து அறைந்து தின்றுவிடும். நாற்சந்தி, இடைவிடாத பார்வை, நான்கு காதத்துக்கு எச்சரிக்கை, தானியங்கித் தண்டனை. இந்த ஏற்பாட்டைப் படித்துவிட்டு அண்ணாசாலைச் சந்திப்பின் கம்பத்தை நிமிர்ந்து பார்க்காமல் இருப்பது கஷ்டம்.

பூதம் யாரைத் தின்றது என்பதையும் அதே காப்பியம் சொல்கிறது. அடைக்கலக் காதையில் மாடலன் நினைவுபடுத்தும் கதை: நல்லொழுக்கமுள்ள ஒரு மனைவியைப் பற்றி அவள் கணவனிடம் பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பிடித்தது. ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்றத்தான். ஆனால் பிடிபட்டவன் யார்? வறியவன் என்கிறார் இளங்கோ. அவனை அப்படிச் சொல்ல வைத்த சூழல் என்ன, யாருக்காகச் சொன்னான் என்பதெல்லாம் பூதத்தின் விசாரணைக்குள் வராது. அவனுடைய தாய் கதறுகிறாள். கோவலன் கயிற்றுக்குள் புகுந்து என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். பூதம் மறுத்து, தாயின் கண்முன்னே மகனைத் தின்கிறது. அதன் பிறகு அந்தத் தாயையும் சுற்றத்தையும் பல ஆண்டுகள் பொருள் கொடுத்துப் பார்த்துக்கொண்டவன் கோவலன். (கண்ணகிக்கு அவன் செய்ததை இதை வைத்து மன்னிக்கச் சொல்லவில்லை.) பூதம் பார்த்தது, மனிதன் பார்த்துக்கொண்டான். காப்பியம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது.

இன்றைய பூதமும் முதலில் கயிறு வீசுவது அதே பக்கம்தான். நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா முதலிய ஊர்களில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டப்பட்டது. யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் அசையவில்லை என்பதெல்லாம் கட்டுப்பாட்டு அறையின் திரையில் தெரியும். ஒதுக்கிய எல்லையைத் தாண்டினால் கூலியில் கைவைக்கப்படும் என்ற பயம் அவர்களுக்கு. கடிகாரத்தில் ஒலிவாங்கியும் கேமராவும் இருந்ததால், கழிப்பறைக்குப் போகும்போதும் அது பார்த்துக்கொண்டிருக்குமோ என்று அஞ்சியதாகப் பெண் பணியாளர்கள் சொன்னார்கள். அந்தக் கடிகாரத்தைக் கட்டிய கையில் உறை இருந்ததா என்று எந்தத் திரையும் காட்டவில்லை. துப்புரவுப் பணியாளர் என்ற சொல்லைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றிக்கொண்டோம். அந்த வேலையைச் செய்யும் சாதி மாறவில்லை. இந்த நாட்டில் எப்போதும் உற்றுப் பார்க்கப்பட்ட உடல்களும் எப்போதும் பார்க்க மறுக்கப்பட்ட உடல்களும் அவையேதான். வேலையில் இருக்கும்போது பார்ப்போம், நோயில் விழுந்தால் பார்க்க மாட்டோம்.

'கண்காணிப்பு' என்ற சொல்லை நாம் வெறும் கலைச்சொல்லாகப் பயன்படுத்துகிறோம். கண்காணி என்பதன் பேச்சு வடிவம் கங்காணி. இலங்கை மலையகத்திலும் மலாயாத் தோட்டங்களிலும் தமிழ்ப் பெண்களின் கொழுந்துக் கூடையையும் பால் வாளியையும் எடைபோட்டு, அரைப்பேர் போட்டு, கடனில் கட்டிவைத்த அந்த ஆளின் பெயர். ஆங்கில அகராதிக்குள்ளேயே நுழைந்த தமிழ்ச்சொல் அது. ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பார்த்து நம் பாட்டிகள் வியந்திருக்க மாட்டார்கள். கங்காணி குடை பிடித்து வராமல் கையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டான், அவ்வளவுதான் என்றிருப்பார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகையின் வெளியே, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பதின்மூன்று நாள், வெயிலிலும் மழையிலும் நடைபாதையில். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மாநகராட்சியின் கட்டுப்பாட்டு மையம் அதே ரிப்பன் வளாகத்தில்தான் இருக்கிறது. நகரம் முழுவதையும் காட்டும் திரைகள் உள்ளே. தங்களைப் பார்க்கச் சொல்லி உட்கார்ந்தவர்கள் வெளியே. இடையில் இருந்தது ஒரு மதில்.

வீடும் விடுதியும் தனிக் கதை. படிக்க வந்த பெண்கள் என்னிடம் சொல்வதைக் கேட்டால், நகரத்தின் கேமராவைவிட அவர்களை அதிகம் பார்ப்பது அப்பாவின் போனில் நகரும் நீலப் புள்ளி. பேருந்து அரைமணி நேரம் தாமதமானால் புள்ளி நகராது. புள்ளி நகராவிட்டால் அழைப்பு வரும். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அக்கறையில் வளர்ந்தவள் ஒரு கடற்கரையில் காரணமில்லாமல் ஒரு மணிநேரம் உட்கார்ந்தால் அந்தக் காரணமின்மைக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. மும்பையைப் பற்றி 2011இல் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய நூல் கேட்டது இதைத்தான்: பெண்களுக்கு நகரம் தர வேண்டியது பாதுகாப்பா, அல்லது வேலையில்லாமல் சுற்றும் உரிமையா? பாதுகாப்பு என்ற பெயரில் தரப்படுவதெல்லாம் கடைசியில் "ஏன் அங்கே போனாய்?" என்ற கேள்வியாகத் திரும்பி வருகிறது. கேமராப் பதிவு அந்தக் கேள்விக்குத் தேதியும் நேரமும் சேர்த்துக் கொடுக்கும்.

பதிவு என்றால் அது எங்கே போகும் என்பதையும் கேட்க வேண்டும். 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு உள்ளானார். துணிந்து புகார் கொடுத்தார். அடுத்த நாட்களில் அந்த முதல் தகவல் அறிக்கையே, அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்ததோடு, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைத் திரும்பப் பெற்றுத் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. அது திரைகளைத் தாண்டிப் போய்விட்டது. தென்கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள், சோங்டோ போன்ற திறன்நகரைக் கட்டி உலகத்துக்குக் காட்டிய நாடு. அதே நாட்டில்தான் 2018இல் பல்லாயிரம் பெண்கள் சியோல் தெருவுக்கு வந்து, கழிப்பறையிலும் விடுதி அறையிலும் ஒளித்து வைக்கப்பட்ட கேமராக்களுக்கு எதிராகக் கத்தினார்கள். என் வாழ்க்கை உனக்கு ஆபாசப் படம் இல்லை என்பது அவர்கள் முழக்கம். லென்ஸ் ஒன்றுதான். அரசாங்கத்தின் கையில் இருக்கும்போது காவல், பொறுக்கியின் கையில் இருக்கும்போது குற்றம் என்று பிரித்துக்கொள்ள நமக்கு ஆசை. ஆனால் பதிவு செய்யப்பட்ட பெண்ணுடல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டோம்.

அப்படியானால் தொழில்நுட்பமே வேண்டாமா? அந்த முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று போன் சொல்வது, இருட்டில் நிற்கும் பெண்ணுக்குப் பெரிய காரியம். சாக்கடைக் குழிக்குள் ஓர் இயந்திரம் இறங்கினால் அங்கே ஒரு மனிதர் இறங்க வேண்டாம். இதை மறுக்கிற கவித்துவம் எனக்கு வேண்டாம்.

புகாரின் ஐந்தாவது மன்றத்தை இன்னும் சொல்லவில்லை. பாவை மன்றம். அரசன் செங்கோல் வளைந்தாலும், அறங்கூறும் அவை ஒருபக்கம் சாய்ந்தாலும், அங்கே நிற்கும் பாவை ஒன்றும் பேசாமல் கண்ணீர் விட்டு அழும். பூதம் மக்களைப் பார்க்கிறது, பாவை ஆள்பவரைப் பார்க்கிறது. பூதத்துக்குக் குரலும் கயிறும் பல்லும் உண்டு. பாவைக்குக் கண்ணீர் மட்டும். இந்த ஏற்றத்தாழ்வு இளங்கோவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் இரண்டும் ஒரே நகரில் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். நம் திறன்நகரங்கள் பூதத்தை மட்டும் இறக்குமதி செய்துவிட்டன என்பதே என் புகார்.

பாவை எப்படி இருக்கும்? அதற்கான மாதிரிகள் பெண்களிடமிருந்தே வந்திருக்கின்றன, அதுவும் மலிவாக. 1989இல் டொரண்டோவில் மெட்ராக் என்ற அமைப்பு பெண்கள் பாதுகாப்புத் தணிக்கை என்ற முறையை உருவாக்கியது. பெண்கள் கூட்டாக இருட்டிய பிறகு ஒரு தெருவில் நடந்து, எங்கே விளக்கில்லை, எங்கே பார்வை மறைகிறது, எங்கே ஓடினால் யார் இருப்பார் என்று குறித்துக்கொண்டு வருவார்கள். தில்லியில் ஜாகோரி அதைச் செய்தது. 2013இல் கல்பனா விஸ்வநாத் இணைந்து தொடங்கிய சேஃப்டிபின் அதையே செயலியாக்கியது. இங்கே கருவியின் கண் பெண்ணை நோக்கித் திரும்பவில்லை. பெண்ணின் கண் தெருவை நோக்கித் திரும்புகிறது. அளக்கப்படுவது அவள் முகமல்ல; விளக்கின் வெளிச்சம், நடைபாதையின் அகலம், பேருந்து நிறுத்தத்தின் தொலைவு. வியன்னாவில் 1990களில் நகரத் திட்டப் பிரிவில் இருந்த பெண்கள் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது பத்து வயதைத் தாண்டிய சிறுமிகள் பூங்காவிலிருந்து காணாமல் போவதைக் கண்டார்கள். சிறுமிகளின் கையில் கருவி எதையும் கட்டவில்லை. பூங்காவுக்குள் பாதைகளைக் கூட்டினார்கள், ஒரே பெரிய மைதானத்தைச் சிறு இடங்களாகப் பிரித்தார்கள், வாலிபால் திடல் போட்டார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள்.

நம் ஊரில் அண்மைக்காலத்தில் பெண்களின் நகரத்தை அதிகம் மாற்றியது எது என்று கேட்டால் நான் தயங்காமல் சாதாரணக் கட்டணப் பேருந்து என்பேன். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. பின்னர் விடியல் பயணம் என்று பெயர் வந்தது. மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்தத் தொகையைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அந்த டிக்கெட். நடத்துநர் பூஜ்ஜிய ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துத் தருகிறார். எத்தனை பெண்கள், எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் ஏறினார்கள் என்பது அரசாங்கத்துக்குத் தெரிகிறது. யார் ஏறியது என்பது தெரியாது. பெயர் இல்லை, ஆதார் இல்லை, முகம் இல்லை. கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் மாநிலத்தவர் என்பதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். இங்கே ஒடிசாவிலிருந்து வந்து தையல் ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணும் கேள்வியில்லாமல் ஏறலாம். திட்டமிட எண்ணிக்கை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். எண்ணுவது வேறு, அடையாளம் காண்பது வேறு. இந்தத் திட்டத்தை யோசித்தவர்கள் அந்தரங்க உரிமையைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டார்களா தெரியவில்லை. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அடிப்படை உரிமை என்று உறுதிசெய்த ஒன்றை அந்தச் சின்னத் தாள் சத்தமில்லாமல் மதிக்கிறது. இதற்கு நேரெதிரான போக்கும் நாட்டில் நடக்கிறது. 2025 ஜூலை முதல் அங்கன்வாடியில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஊட்டச்சத்துப் பொருளைப் பெறக் கர்ப்பிணிகளும் தாய்மார்களும் முகம் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. சத்துமாவு வாங்க முகம் பொருந்த வேண்டும். மசக்கையில் வாடிய முகமும் பிரசவத்துக்குப் பின் ஊதிய முகமும் செயலிக்கு ஒன்றாகத் தெரிய வேண்டுமே என்று அங்கன்வாடி ஊழியர், அவரும் பெண்தான், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

கழிப்பறையைப் பற்றி ஒரு பத்தி. பத்தாண்டுகளுக்கு முன் சென்னைத் தெருக்களில் நாணயம் போட்டால் கதவு திறக்கும் மின்னணுக் கழிப்பறைகள் வந்தன. தானே கழுவிக்கொள்ளும், தானே விளக்கு எரியும். பல சீக்கிரமே கெட்டுப்போய் நின்றன. அவை ஓடிய நாளிலும், பூட்டு தானாகத் திறந்துகொண்டால் என்ன செய்வது என்று உள்ளே போகத் தயங்கிய பெண்களை எனக்குத் தெரியும். கழிப்பறைக்கு வேண்டியது தண்ணீர், உட்தாழ்ப்பாள், துணி போடக் கூடை, வாசலில் முறையான சம்பளத்தோடு ஒரு பெண். கடைசியில் சொன்னதை மட்டும் எந்த ஒப்பந்தப் புள்ளியிலும் கேட்க மாட்டார்கள். அது சம்பளமாக மாதாமாதம் வரும் செலவு.

எனவே நாம் கேட்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. 181 எண்ணுக்குச் சென்ற மாதம் எத்தனை அழைப்பு வந்தது, ஓர் ஆள் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆனது? 1913இல் சொன்ன தெருவிளக்குப் புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று முடித்து வைத்தது யார், விளக்கு எரிகிறதா என்று புகார் சொன்னவளிடம் கேட்டார்களா? இந்தக் கேமராவின் பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் யார் திறந்து பார்த்தார்கள், அந்தப் பட்டியலை யாரிடம் கேட்டால் தருவார்கள்? கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் தூய்மைப் பணியாளரின் புள்ளி நகர்வது தெரிவதைப் போல, அவருக்குக் கையுறை கொடுத்த தேதியும் நிலுவைச் சம்பளமும் ஏன் தெரியவில்லை? இதெல்லாம் ஏற்கனவே இருக்கும் கருவிகளாலேயே காட்டக்கூடியவை. அதை ரிப்பன் மாளிகைக்குள் மட்டும் காட்டாமல் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டச் சொல்லலாம், வார்டுக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லலாம்.

பாவை அழுதால் போதுமா என்று மாணவிகள் கேட்பார்கள். கேட்கவும் செய்தார்கள். போதாது. அது வாய்திறந்து பேசாது. யாராவது அந்த வழியே போய், அதன் கன்னத்தில் ஈரம் இருப்பதைக் கவனித்து, அரண்மனை வாசலில் போய்ச் சொல்ல வேண்டும். காப்பியத்தில் அநீதி நடந்தது புகாரில் அல்ல, மதுரையில். அங்கே பாவை மன்றம் இருந்ததாக இளங்கோ சொல்லவில்லை. அங்கே வாயிலுக்குப் போனவள் வேற்றூர்க்காரி, கையில் ஒற்றைச் சிலம்போடு.